லட்சுமிக்குப் பிறகு இன்னொரு யானை வேண்டாம்

2022 நவம்பர் 30, புதன்கிழமை. காலை நடைப்பயிற்சிக்குக் கிளம்பிய மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி, கலவை கல்லூரி அருகே நடுச்சாலையில் சரிந்து விழுந்தாள். திரும்ப எழவில்லை. மாரடைப்பு என்றார்கள். வயது 32.

அன்று புதுச்சேரி அழுததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். துணைநிலை ஆளுநரும் முதல்வரும் மாலையோடு வந்தார்கள். இறுதி ஊர்வலத்தில் தெருக்கள் நிரம்பி வழிந்தன. அவள் விழுந்த இடத்தில் பூவும் விளக்கும் வைத்துக் கும்பிட்டார்கள். சிறு குட்டியாக வந்தவளை, காலில் வெள்ளிக் கொலுசு கட்டிக்கொண்டு ஆசீர்வாதம் செய்தவளை, வீட்டுப் பெண்ணாகவே நினைத்த ஊர் இது. துதிக்கையில் காசு வைத்தால் பாகனிடம் கொடுத்துவிட்டு, வைத்தவர் தலையில் துதிக்கையை வைப்பாள். தமிழ்க் குடும்பத்துக்கும் பிரெஞ்சு சுற்றுலாப் பயணிக்கும் ஒரே ஆசீர்வாதம்தான்.

பிள்ளையாரை யானை முகத்தோடு வணங்குகிறவர்களுக்குக் கோயில் வாசலில் நிற்கும் யானை வெறும் விலங்கல்ல. பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே இருந்த கோயில் இது. புதுச்சேரியில் தங்கியிருந்த பாரதி விநாயகர் நான்மணிமாலை பாடியதும் இந்தப் பிள்ளையார்மீதுதான். அந்தப் பக்தியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதே பாரதியை 1921இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானை தாக்கியது. அன்போடு நெருங்குவது வேறு, யானையின் மனநிலையை அறிவது வேறு.

காட்டில் பெண் யானை தனியாக வாழாது. மூத்த பெண் யானையின் பின்னால் தாய், மகள், பெரியம்மா, சித்தி என்று கூட்டமாகவே நடக்கும். மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் கிலோமீட்டர் கணக்கான தூரத்துக்குப் பேசும். நாளெல்லாம் நடந்து, மேய்ந்து, சேற்றில் புரளும். அறுபது வயதைத் தாண்டி வாழக்கூடிய உயிர். லட்சுமிக்குக் கிடைத்தது கல் பதித்த தெரு, கொட்டகை, பாகன், பழம் நீட்டும் ஆயிரம் கைகள். இன்னொரு யானை இல்லை. 2003இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய புத்துணர்வு முகாம்களின் அருமை இங்கேதான் புரியும். அந்தச் சில வாரங்களாவது கோயில் யானைகள் தம் இனத்தைத் தொட்டுப் பழக முடிந்தது. முகாம் முடிந்ததும் மறுபடி லாரி, மறுபடி தனிமை.

யானையை நம் தேசியப் பாரம்பரிய விலங்காக 2010இல் அறிவித்தோம். ஆனால் லட்சுமி இறந்து எட்டே நாளில், டிசம்பர் 8ஆம் தேதி, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் மாநிலங்களவையில் நிறைவேறியது. உரிய சான்றிதழோடு வளர்க்கப்படும் யானைகளை 'மதம் அல்லது வேறு எந்த நோக்கத்துக்காகவும்' கைமாற்ற அது வழிவிடுகிறது. 'வேறு எந்த' என்று அவ்வளவு அகலமாகத் திறந்த கதவு எனக்குக் கவலை தருகிறது.

கேரளத்தில் வேறு பாதை தெரிகிறது. திருச்சூர் மாவட்டத்து இரிஞ்சாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயில் 2023இல் இயந்திர யானையை நடையில் நிறுத்தியது. காதை அசைக்கிறது, துதிக்கையைத் தூக்குகிறது, சாமியின் உற்சவ உருவமான திடம்பைச் சுமக்கிறது. பக்தி குறைந்துபோகும் என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: நாம் வணங்கும் பிள்ளையாரே கல்லில் செய்த யானைமுகம்தானே. மதுரை உயர் நீதிமன்றக் கிளையும் அதே ஆண்டில், லலிதா என்ற யானையின் வழக்கில், கோயில்கள் இனிப் புதிதாக யானை வாங்குவதை நிறுத்தச் சொன்னது. இருப்பவற்றைக் காப்பகங்களுக்கு அனுப்பும் யோசனையும் அதில் இருந்தது.

லட்சுமிக்கு நினைவிடம் கட்டுவது நல்லது. அவளுக்குப் பதிலாகத் தாயிடமிருந்து பிரித்த இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து நிறுத்துவதை மட்டும் இந்த ஊர் செய்யக் கூடாது. யானைக்கென்று பக்தர்கள் தர நினைக்கும் காணிக்கை திருச்சி எம்.ஆர்.பாளையம் மறுவாழ்வு மையம் போன்ற இடங்களுக்குப் போகட்டும். கோயில்களிலும் தனியாரிடமும் இருந்து வந்த யானைகள் அங்கே மண் தரையில், ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கின்றன.