டிரான்சிஸ்டரில் வராத ஷட்ஜம்

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் டீக்கடைப் பலகையிலும் களத்துமேட்டு வேப்பங்கிளையிலும் தொங்கிய சின்ன டிரான்சிஸ்டர்களுக்குள் இருந்த ஸ்பீக்கர் ஏழெட்டு சென்டிமீட்டர் அகலம்தான். அவ்வளவு சிறிய காகிதக் கூம்பால் விநாடிக்கு 300 அதிர்வுகளுக்குக் கீழே உள்ள ஒலியை உருப்படியாக வெளியே தள்ள முடியாது. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணின் ஆதார ஷட்ஜமோ சுமார் 130 ஹெர்ட்ஸ். அந்தப் பெட்டியிலிருந்து அது வரவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் திருச்சி வானொலி ஒலிபரப்பிய மதுரை சோமு கச்சேரியை அதில் கேட்ட எவரும் சுருதியைக் காணோம் என்று சொன்னதில்லை. கூடவே முணுமுணுத்தார்கள், சரியான இடத்தில் வந்து சேர்ந்தார்கள்.

வராததை எப்படிக் கேட்டார்கள்?

மதுரை வானொலியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், கச்சேரியைப் பதிவு செய்து முடித்ததும் இரண்டு விதமாகக் கேட்டுப் பார்ப்போம். முதலில் பெரிய ஸ்பீக்கரில். பிறகு வீட்டு ரேடியோ அளவே உள்ள ஒன்றில். நேயர் காதுக்குப் போகப்போவது இரண்டாவதுதான். மிருதங்கப் பெரியவர் ஒருவர் பதிவுக்கு முன்னால் தண்ணீர் விட்டுப் பிசைந்த ரவையை, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் வட்டமாக அப்புவார். கட்டைவிரலால் ஓரத்தை நீவுவார், உள்ளங்கையால் தட்டிக் கேட்பார், ஒரு கிள்ளு எடுப்பார், மறுபடி ஒட்டுவார். அத்தனை பாடுபட்டு வரவழைத்த கும்கி என்னும் அடி ஒலியைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினால் சிரித்துக்கொண்டே கேட்பார்: "தொப்பிய எங்க தம்பி விட்டீங்க?" கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஆனா வலந்தலை அப்படியே நிக்குது பாருங்க. சுருதி அசையல" என்பார்.

ஒரே வாத்தியத்தின் ஒரு பக்கம் காணாமல் போகிறது, மறுபக்கம் நிலைத்து நிற்கிறது. விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

எந்தச் சுரமும் தனியாக வருவதில்லை. 130 ஹெர்ட்ஸில் அதிரும் தந்தி அதே நேரத்தில் 260, 390, 520, 650 என்று அதன் மடங்குகளிலும் அதிர்கிறது. இவை மேற்சுரங்கள். டிரான்சிஸ்டர் 130, 260 இரண்டையும் விழுங்கிவிட்டு 390, 520, 650 ஆகியவற்றைக் கொடுக்கிறது. பள்ளிக்கூடத்தில் மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) போட்ட ஞாபகம் இருந்தால் இந்த மூன்று எண்களுக்கும் அதைப் போட்டுப் பாருங்கள்: 130. இந்த மேற்சுரங்கள் சேர்ந்து காற்றில் உண்டாக்கும் அலைவடிவம் விநாடிக்கு 130 முறைதான் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு, காணாமல்போன அடிப்படைச் சுரத்தின் உயரத்தைச் செவிப்புலன் தானே அறிந்துகொள்கிறது.

ஜெர்மனியில் ஆகஸ்ட் சீபெக் 1840-களிலேயே துளையிட்ட தகட்டைச் சுழற்றிச் செய்த சோதனைகளில் இதைக் கண்டார். அப்போது பலர் ஏற்கவில்லை. ஏறத்தாழ நூறாண்டு கழித்து அதை நிலைநாட்டியவர்களில் ஒருவரான ஸ்கௌடன் வேலை பார்த்த இடம் நெதர்லாந்தில் உள்ள பிலிப்ஸ் ஆய்வுக்கூடம். நம் வீடுகளில் ரேடியோவாக வந்து அமர்ந்த அதே பிலிப்ஸ்தான். 1972-ல் ஹௌட்ஸ்மா, கோல்ட்ஸ்டைன் இருவரும் இன்னொன்று செய்தார்கள். ஒரு மேற்சுரத்தை இடது காதுக்கும் அடுத்ததை வலது காதுக்கும் தனித்தனியே கொடுத்தார்கள். எந்தக் காதிலும் தனியாக இல்லாத அடிப்படைச் சுரம் அப்போதும் கேட்டது. ஆக, இந்தக் கணக்கு காதுக்குள் முடிவதில்லை. இரண்டு காதின் சேதியும் சேரும் மூளையில்தான் முடிகிறது.

ஆனால் மேற்சுரங்கள் முழு மடங்குகளாக இருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். சாதாரணத் தோல் வாத்தியத்தில் அப்படி இருப்பதில்லை. அடிப்படை 100 என்றால் அடுத்தவை 159, 214, 230 என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். முழக்கம் இருக்கும், சுரம் இருக்காது. மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் ஏன் சுரமாகப் பேசுகிறது என்று கேட்டவர் சி.வி. ராமன். 1920-ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார், 1934-ல் விரிவாக எழுதினார். நடுவே இருக்கும் கரிய சோறுதான் காரணம். கல்பொடியையும் சாதத்தையும் கலந்து, படலம் படலமாகத் தேய்த்து ஏற்றும் அந்தக் கனம் தோலின் அதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்ற ஒழுங்குக்குள் கொண்டுவந்துவிடுகிறது. அதனால் அடிப்படையை ஸ்பீக்கர் விழுங்கினாலும், மிச்சமிருப்பவை அதைக் காட்டிக்கொடுக்கின்றன. தொப்பியின் கதை வேறு. தடித்த தோல், ஈர ரவை, உள்ளங்கை வீச்சு மூன்றும் சேர்ந்து மேற்சுரங்களை அமுக்கிவிடுகின்றன. அதன் பலமெல்லாம் அடி ஒலியில்தான். அது போனால் துப்புக் கொடுக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. பெரியவர் காது சொன்னது துல்லியமான பௌதிகம்.

தம்புராவில் இதைவிட ஆச்சரியம். தந்தியை நட்டநடுவில் மீட்டினால், நடுவே அசையாப் புள்ளி வைத்திருக்கும் முதல் மேற்சுரம் பிறக்கக் கூடாது. தாமஸ் யங் காலத்திலிருந்து வந்த விதி இது. தம்புரா அதை மீறுகிறது என்று ராமன் 1921-ல் எழுதினார். குதிரையின் வளைந்த பரப்பில் தந்திக்கு அடியில் செருகும் ஜீவாளி நூல்தான் அந்த மாயத்தைச் செய்கிறது. தந்தி அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு எழுவதால், பிறக்கக் கூடாத மேற்சுரங்களும் பிறந்து ரீங்கரிக்கின்றன. கூடத்துக்கு வந்த பாடகர்கள் பாடிய நேரத்தைவிட அந்த நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டிருந்த நேரம் அதிகமோ என்று தோன்றும். பதிவு நேரம் போகிறதே என்ற பதற்றம் எங்களுக்கு இருக்கும். அவர்கள் அசைய மாட்டார்கள். அவர்கள் செய்ததுதான் சரி. அந்த நூல் எழுப்பிய மேற்சுரங்கள்தான் மதுரை வானொலியின் 1269 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் ஏறி, கிராமத்துப் பெட்டிக்குள் ஷட்ஜத்தைக் கொண்டு சேர்த்தன.

மத்திய அலை மேலேயும் வெட்டும். வீட்டு ரேடியோக்களில் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டுவது அபூர்வம். ஜால்ராவின் பளபளப்பும் சகரத்தின் சீறலும் மங்குவது அதனால்தான். நாதசுரத்துக்கு இந்தக் கவலை கிடையாது. சீவாளியும் விரிந்துகொண்டே போகும் குழலும் சேர்ந்து, வெட்டுப்படாத நடுப்பகுதியிலேயே ஒலியைக் கொட்டுகின்றன. சேதுராமன் – பொன்னுச்சாமி சகோதரர்களின் வாசிப்பு 'தில்லானா மோகனாம்பாள்' மூலம் ஊரெங்கும் எந்தக் குழாய் ஸ்பீக்கரில் ஒலித்தாலும் நாதசுரமாகவே ஒலித்தது. பெண் குரலுக்கும் பாதி வேலை மிச்சம். ஐந்தரைக் கட்டையில் ஷட்ஜம் 200 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடும், முதல் மேற்சுரமே பெட்டியைக் கடந்துவிடும். எம்.எஸ். குரல் எவ்வளவு மட்டமான ரேடியோவிலும் முழுசாகக் கேட்டதற்கு அவருடைய சுருதிசுத்தத்தோடு இந்தக் கணக்கும் துணை நின்றது.

இப்போது மதுரை வானொலி 103.3 பண்பலையிலும் வருகிறது. அதில் 15,000 ஹெர்ட்ஸ் வரை போகலாம். ஆனால் பலர் கேட்பது கைபேசியில், அதன் ஸ்பீக்கரோ பழைய டிரான்சிஸ்டரைவிடச் சிறியது. தம்புரா செயலி இருந்தால் ஒரு கட்டையில் வைத்து மந்தர ஷட்ஜத் தந்தியைக் கவனியுங்கள். அது 65 ஹெர்ட்ஸ்; அந்த ஸ்பீக்கரிலிருந்து துளியும் வெளியே வராது. ஆனாலும் அது கீழ் ஷட்ஜம்தான் என்று காது தயங்காமல் சொல்லும். பிறகு நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அதையே கேளுங்கள். கனம் கூடும், சுருதி இம்மியும் நகராது.