புதுசைப் பழசாக்குவோம், வாங்க!

குட்டி ரயில், பெரிய உலகம் – 6

தண்டவாளம் பதித்தாயிற்று. மின் இணைப்பும் கொடுத்தாயிற்று. போன வாரம் சொன்னபடி ஜல்லியைப் பரப்பி, தண்ணீர் கலந்த வெள்ளைக் கோந்தை இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டு இறுக்கியும் இருப்பீர்கள். ரயில் ஜம்மென்று வட்டமடிக்கிறது. வீட்டில் எல்லோரும் வந்து பார்த்துக் கைதட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆனாலும் மேசையைப் பார்க்கும்போது ஏதோ இடிக்கிறது. இன்ஜின் பளபளக்கிறது. ஸ்டேஷன் கட்டடம் பளபளக்கிறது. மரம்கூட பிளாஸ்டிக் பச்சையில் பளபளக்கிறது. ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இல்லை. பொம்மைக் கடை அலமாரி மாதிரி இருக்கிறது. என்ன குறை?

எதுவுமே இன்னும் பழசாகவில்லை. அதுதான் குறை.

நிஜ உலகத்தில் ஒரு பொருள் வெளியில் வந்த முதல் நாளே வெயில் அதன் மேல் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அப்புறம் மழை, தூசி, புகை, எண்ணெய், மனிதக் கை. இவையெல்லாம் சேர்ந்து எழுதிய கதைதான் ஒரு கட்டடத்தின் முகம். மாடல் ரயில்காரர்கள் அந்தக் கதையைத் தூரிகையால் எழுதுகிறார்கள். ‘வெதரிங்’ என்று அதற்குப் பெயர். இந்தப் பொழுதுபோக்கில் அதிகச் சுகம் தருகிற, அதிகப் பொறுமை கேட்கிற பகுதி இதுதான் என்பேன்.

இன்று ஊரெல்லாம் இதைச் செய்கிறார்கள். ஆனால் ஒரு காலத்தில், காசு கொடுத்து வாங்கிய இன்ஜின் மேல் துரு பூசுவது கிறுக்குத்தனமாகப் பார்க்கப்பட்டது. அந்தப் பார்வையை மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஜான் ஆலன்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மான்டெரே என்ற ஊரில் வாழ்ந்தவர். பிறந்தது 1913-ல். தொழிலால் புகைப்படக்காரர். வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே தங்கும் என்று பார்த்துப் பழகிய கண் அவருடையது. அந்தக் கண்ணோடு மாடல் ரயிலுக்கு வந்தார். கற்பனையான ஒரு மலை ரயில் கம்பெனியை உருவாக்கி, அதற்கு ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’ என்று கேலியாகப் பெயர் வைத்தார். எப்போதும் நஷ்டத்தில், உடைந்தும் உளுத்தும் ஓடிக்கொண்டிருக்கிற கம்பெனி என்பது அதன் உட்பொருள். நஷ்டக் கம்பெனியின் இன்ஜின் பளபளக்குமா? அதனால் எல்லாவற்றையும் பழசாக்கினார். பலகைகள் வெளுத்தன, தகரங்கள் துருப்பிடித்தன, பாலத்துக் கட்டைகளில் எண்ணெய்க் கறை படிந்தது.

முதலில் சின்ன மேசை அளவில்தான் தொடங்கினார். பிறகு வீட்டின் அடித்தளத்தையே அடைத்துக்கொண்டு, தரையிலிருந்து கூரை வரை மலைகள் எழும்பின. இடம் போதாத மூலைகளில் கண்ணாடியை நிறுத்தி, ஒரு தெருவை இரண்டு தெருவாகக் காட்டினார். இத்தனை கறாரான மனிதருக்குக் குறும்பும் உண்டு. ஷன்டிங் வேலைக்கு இன்ஜினுக்குப் பதிலாக எம்மா என்ற ஸ்டெகோசாரஸ் டைனோசரைப் பெட்டியில் பூட்டி நிறுத்தியிருந்தார். சுற்றிலும் உள்ளவை அத்தனை நிஜமாக இருந்ததால், அந்த டைனோசரையும் ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள்!

1973 ஜனவரியில் ஆலன் மாரடைப்பில் இறந்தார். பத்தே நாளில் அந்த வீட்டில் தீப்பிடித்து, அவர் கட்டிய உலகத்தின் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது. அவர் எடுத்த புகைப்படங்கள் தப்பின. மாடல் ரயில்காரர்கள் இன்றைக்கும் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் துருவின் நிறத்தைக் கற்கிறார்கள்.

சரி, நம் மேசைக்கு வருவோம்.

அழுக்காக்குவது என்றதும் கறுப்பும் பழுப்பும் கலந்து மேலெல்லாம் அப்பிவிடக் கூடாது. அப்பினால் சேற்றில் விழுந்த இன்ஜின்தான் கிடைக்கும். ஒவ்வொரு கறைக்கும் ஒரு முகவரி உண்டு. எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம் வழிந்தது, எங்கே போய்த் தேங்கியது என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் தூரிகையைத் தொட வேண்டும்.

ஒரு நீராவி இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். புகைபோக்கியைச் சுற்றியும் கொதிகலனின் முதுகிலும் கரி படியும். அங்கே பளபளப்பே இருக்கக் கூடாது. மை உறிஞ்சிய தாள் போல மங்கலாக இருக்க வேண்டும். வால்வுகளில் கசிந்த தண்ணீர் காய்ந்து, உப்புப் பூத்த மாதிரி வெள்ளைக் கோடுகள் கீழ்நோக்கி இறங்கும். சக்கரத்தை ஒட்டிய கம்பிகளில் எண்ணெயும் தூசியும் குழைந்து கறுப்பாக இருக்கும். இங்கே மட்டும் லேசான மினுமினுப்பு தேவை. டிரைவர் ஏறும் படியின் நடுப்பகுதியிலும் கைப்பிடிக் கம்பியிலும் பெயின்ட் தேய்ந்து உலோகம் வெளியே தெரியும். கூர்மையான பென்சிலின் கரியை விரல் நுனியில் எடுத்து அந்தக் கம்பியில் ஒரு தேய் தேய்த்தால் போதும். இருபது வருஷம் பல பேர் பிடித்து ஏறிய கம்பியாகிவிடும்.

நிஜ நீராவி இன்ஜினைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமானால், நமக்கு நீலகிரி மலை ரயில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலோ குன்னூரிலோ இன்ஜின் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் போய் நில்லுங்கள். நூறு பக்கப் புத்தகம் சொல்லாததை அது சொல்லும்.

நம் ஊர் ரயில் பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. சக்கரங்களும் அடிப்பகுதியும் பிரேக் தூசியால் செம்பழுப்பாக இருக்கும். கூரைத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்த தடம் பெட்டியின் பக்கவாட்டில் நேர்க்கோடாக இறங்கும். ஜன்னலுக்குக் கீழே ஒழுகிய கறைகளைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். எல்லோரும் பார்த்திருக்கிறோம், சிலர் போட்டும் இருக்கிறோம்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அங்கிள், புது இன்ஜினைப் போய் ஏன் இப்படி அழுக்காக்கறீங்க?”

“நிஜ இன்ஜின் எப்படிடா இருக்கும்?”

கொஞ்சம் யோசித்தான். “அழுக்காத்தான் இருக்கும். ஆனா எங்க எங்க அழுக்குன்னு நான் பாத்ததில்லையே!”

அவன் சொன்ன கடைசி வாக்கியம்தான் இந்தப் பொழுதுபோக்கின் சாரம். அழுக்கு இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே இருக்கும் என்று பார்த்தவர்கள் குறைவு.

அடுத்து, கட்டடம். ரெடிமேட் கிட் வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன கிராமத்து ஸ்டேஷனை அட்டையிலேயே செய்து பாருங்கள். முதலில் கணக்கு. நாம் எடுத்துக்கொண்டது ஹெச்.ஓ. அளவு, நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. ஏழடிக் கதவு சுமார் 24 மில்லிமீட்டர் வரும். ஐந்தரை அடி மனிதர் 19 மில்லிமீட்டர். ஒன்பது அங்குலச் செங்கல் இரண்டரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு செங்கல்லுக்கு நடுவில் ஒரு சென்டிமீட்டர் சுண்ணாம்புச் சாந்து இருந்தால், நம் மேசையில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். சாதாரண ஜெராக்ஸ் தாளின் தடிமன் அவ்வளவுதான் இருக்கும். பலர் சுவரில் கத்தியால் ஆழமாகக் கீறி, செங்கல்லைப் பாறையாக்கிவிடுவது இந்தக் கணக்கைப் போடாததால்தான். எழுதித் தீர்ந்த பால்பாயின்ட் பேனா முனையால் லேசாக அழுத்திக் கோடு போட்டால் போதும்.

கூரைக்குச் சீமை ஓடு. பார்சல் பெட்டியின் மேல்தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்தால் உள்ளே வரிவரியாக நெளிந்த தாள் இருக்கும். அதைக் குறுகிய பட்டைகளாக வெட்டி, கீழிருந்து மேலாக, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி ஒட்டிக்கொண்டே போங்கள். செம்மண் நிறம் அடித்த பிறகு அங்கங்கே ஒன்றிரண்டு ஓட்டை மட்டும் வேறு நிறத்தில் தொடுங்கள். உடைந்த ஓட்டை மாற்றினால் புது ஓடு தனியாகத்தானே தெரியும்? மரக்கிளை கூரைக்கு மேல் தொங்கினால் அதன் கீழே பாசி நிறம். பிளாட்பாரத்துக்கு உப்புத்தாள்.

சுவருக்கு வெள்ளை அடித்துக் கீழே காவிப் பட்டை. அந்த வெள்ளையைப் புட்டியிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். துளி சாம்பல் நிறம் சேருங்கள். தூரத்தில் தெரிகிற பொருளின் நிறம் மங்கித்தான் தெரியும். மேசைக்கு முன்னால் நிற்கும் நாம், கணக்குப்படி பார்த்தால், அந்த ஸ்டேஷனுக்கு வெகுதூரத்தில் நிற்கிறோம். முழு நிறத்தைக் கொடுத்தால் கண் ஏமாற மறுத்துவிடும். பிறகு மழைத் தண்ணீர். கூரை விளிம்பிலிருந்து மண்ணில் விழுந்து தெறிக்கிற சேறு, காவிப் பட்டையின் அடியில் இன்னொரு பட்டை போடும். ஜன்னல் விளிம்பின் இரண்டு மூலையிலிருந்தும் சன்னமாக ஒரு கறை இறங்கும். பழுப்பு நிற சாஃப்ட் பேஸ்டலை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கி, காய்ந்த தூரிகையால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. கடைசியில் மேட் வார்னிஷ் பூசினால் பொடி உதிராது, பளபளப்பும் போய்விடும்.

மஞ்சள் பலகை இல்லாமல் ஸ்டேஷன் ஏது? மேலே தமிழ், நடுவில் இந்தி, கீழே ஆங்கிலம், கறுப்பு எழுத்து, ஓரத்தில் கடல்மட்டத்திலிருந்து உயரம். கம்ப்யூட்டரில் அடித்துச் சின்னதாக்கி அச்சிட்டு ஒட்டிவிடலாம். உங்கள் சொந்த ஊர் பெயரைப் போட்டுக்கொண்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

இந்த உன்னிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சாட்சி இருக்கிறது. ராய் இங்கிலாண்ட் என்ற இளைஞர் 1925-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கே வந்தார். வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ் என்ற பள்ளத்தாக்கின் கிராமங்கள் அவரைக் கட்டிப்போட்டன. வைக்கோல் வேய்ந்த பழைய வீடுகள், கோணலான புகைபோக்கிகள், சின்னச் சின்னத் தோட்டங்கள். ஆனால் கண்ணெதிரே அவை மாறிக்கொண்டிருந்தன. அவற்றைத் தடுத்து நிறுத்த அவரால் முடியாது. அளந்து வைத்துக்கொள்ள முடியும். வீடு வீடாகப் போய்க் குறிப்பெடுத்தார். அட்டையில் செங்கல் செங்கல்லாகக் கோடிட்டு, நீர்வண்ணத்தால் நிறம் தீட்டினார்.

அந்த வேலை வளர்ந்து, ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் 1954-ல் பெண்டன் மியூசியமாக உருவெடுத்தது. 1920, 30-களின் அந்தப் பள்ளத்தாக்கு அங்கே 76-ல் ஒரு பங்கு அளவில், ரயிலோடும் வயலோடும் படுத்திருக்கிறது. ராய் 1995-ல் காலமானார். தன்னார்வலர்கள் தலைமுறை தலைமுறையாக வேலையைத் தொடர்கிறார்கள். கற்பனை ரயிலை நிஜமாக்கியவர் ஆலன் என்றால், நிஜத்தை அழியாமல் காத்தவர் ராய். இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம்: மற்றவர்கள் தாண்டிப்போன சுவரின் முன்னால் நின்று பார்த்தார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நவராத்திரிக் கொலுவுக்கு முன்னால் பார்க் போட்டு வளர்ந்த வீடுகள் நம்முடையவை. மணலில் கேழ்வரகும் கடுகும் விதைத்து வயல் முளைக்க வைத்தோம். முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்துக் குளம் கட்டினோம். செங்கல்லை அடுக்கி மலை எழுப்பி, அதைச் சுற்றிச் சாவி கொடுத்த ரயிலை விட்டோம். ஆலன் மான்டெரேயில் கண்ணாடியை வைத்துச் செய்த வித்தை நம் பாட்டிகளுக்குத் தெரியும். ஒன்பது நாள் முடிந்ததும் கலைத்துப் பரணில் ஏற்றிவிட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வருஷம் கலைக்காமல் ஒரு பலகை மேல் கட்டிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் ஒரே அளவு பழசாக்கக் கூடாது. பத்து வீடு இருந்தால் ஒன்று போன பொங்கலுக்கு வெள்ளை அடித்ததாக இருக்கட்டும். பத்து வேகனில் ஒன்று நேற்றுத்தான் பட்டறையிலிருந்து வந்ததாக இருக்கட்டும். பக்கத்தில் புதுசு இருந்தால்தான் பழசு பழசாகத் தெரியும். அதே மாதிரி, எங்கே நிறுத்துவது என்பதும் முக்கியம். ‘இன்னும் கொஞ்சம்’ என்று கை நீளும்போது தூரிகையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுங்கள். மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, வேண்டுமானால் தொடரலாம். கறையைக் கூட்டுவது சுலபம், குறைப்பது கஷ்டம்.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். எதையும் வாங்க வேண்டாம். பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்ப் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு, ஒரு சுவரையோ ஒரு தண்ணீர்க் குழாயடியையோ அரை மணி நேரம் பாருங்கள். எந்தக் கறை எங்கிருந்து இறங்குகிறது என்று நோட்டில் படம் போட்டு அம்புக்குறி போடுங்கள். பெயின்ட் புட்டியை அதற்கப்புறம் திறந்தால் போதும். அடுத்த வாரம் அந்த ஸ்டேஷனுக்கு விளக்குப் போடுவோம்.

(தொடரும்)