வீட்டு மின் கட்டணச் சீட்டு: விலை எது, வரி எது?

இந்தியாவில் மின்சாரத்தை முதன்முதலில் பெருமளவில் பயன்படுத்திய பகுதிகளுள் மைசூர் சமஸ்தானமும் ஒன்று. திவான் சர் கே. சேஷாத்ரி ஐயரின் முயற்சியால் உருவான சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902ஆம் ஆண்டில் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கியது. 1905இல் பெங்களூரும் 1908இல் மைசூர் நகரமும் மின்னொளி பெற்றன. அரண்மனைக்கும் சுரங்கத்திற்கும் உரியதாக இருந்த மின்சாரம் இன்று ஒவ்வொரு வீட்டின் அன்றாடத் தேவையாகிவிட்டது. எனினும், மாதந்தோறும் வீடு தேடி வரும் கட்டணச் சீட்டில் அடங்கிய தொகைகள் எவை, அவற்றை நிர்ணயிப்பவர் யார் என்பதை அறிந்தவர்கள் குறைவே.

மைசூருவிலும் மாண்டியா, சாமராஜநகர், ஹாசன், குடகு மாவட்டங்களிலும் மின் விநியோகத்தைச் சாமுண்டேஸ்வரி மின் விநியோகக் கழகம் கவனித்து வருகிறது. கழகம் கட்டணத்தை வசூலிக்கிறதே அன்றி, அதைத் தானாக நிர்ணயிப்பதில்லை. சீட்டில் காணும் தொகைகளுக்கு மூன்று வெவ்வேறு அதிகார ஊற்றுக்கள் உள்ளன. விலையை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. வரியைச் சட்டமன்றம் விதிக்கிறது. மானியத்தை அரசு வழங்குகிறது. இந்த வேறுபாட்டை உணர்ந்தால் சீட்டைப் புரிந்துகொள்வது எளிதாகும்.

நிலைக் கட்டணமும் ஆற்றல் கட்டணமும்

1999ஆம் ஆண்டின் மின்துறைச் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையமே விலையை நிர்ணயிக்கிறது. விநியோகக் கழகங்கள் தங்கள் வரவு-செலவுக் கணக்குகளுடன் மனுச் செய்ய, ஆணையம் நுகர்வோரின் ஆட்சேபங்களைக் கேட்டு ஆணை பிறப்பிக்கிறது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் இதற்கு 120 நாள் வரம்பு விதித்துள்ளது.

விலையில் இரு பகுதிகள் உண்டு. கம்பிகள், மின்மாற்றிகள், பணியாளர் ஆகிய செலவுகள், மின்சாரம் பயன்படுத்தப்பட்டாலும் படாவிட்டாலும் ஏற்படுபவை. இவற்றில் ஒரு பங்கை ஈடுசெய்வது நிலைக் கட்டணம். இது வீட்டிற்கு அனுமதிக்கப்பட்ட மின்பளுவைப் பொறுத்தது. பயன்படுத்திய யூனிட்டுகளுக்கு உரியது ஆற்றல் கட்டணம். 2025-26ஆம் நிதியாண்டிற்கு வீட்டு உபயோகத்திற்கான நிலைக் கட்டணம் கிலோவாட்டுக்கு 120 ரூபாயிலிருந்து 145 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆற்றல் கட்டணம் யூனிட்டுக்கு 5 ரூபாய் 90 காசிலிருந்து 5 ரூபாய் 80 காசாகக் குறைக்கப்பட்டது.

யூனிட் விலை குறைந்ததால் எல்லாருக்கும் செலவு குறைந்தது என்று கருதலாகாது. 2 கிலோவாட் பளுவுள்ள வீட்டிற்கு நிலைக் கட்டணம் மட்டும் 290 ரூபாய். அவ்வீடு மாதம் 50 யூனிட் செலவிட்டால் ஆற்றல் கட்டணமும் 290 ரூபாயே. எனவே ஒரு யூனிட்டின் உண்மைச் செலவு 11 ரூபாய் 60 காசு ஆகிறது. அதே வீடு 200 யூனிட் செலவிட்டால் இது 7 ரூபாய் 25 காசாக இறங்குகிறது. சிக்கனமாகச் செலவிடுபவரின் சராசரிச் செலவே கூடுதலாக உள்ளது. தேவைக்கு மிஞ்சிய பளுவை அனுமதி பெற்று வைத்திருப்போர், அதைக் குறைக்குமாறு விண்ணப்பிப்பதால் பயனடையலாம்.

சரிக்கட்டல் தொகையும் ஓய்வூதியக் கூடுதல் கட்டணமும்

மழை பொய்த்து அணைகளில் நீர் குறைந்தாலோ, நிலக்கரி விலை ஏறினாலோ, மின்சாரம் கொள்முதல் செய்யும் செலவு மதிப்பீட்டை மிஞ்சுகிறது. 2023ஆம் ஆண்டின் வறட்சியில் கர்நாடகம் வெளிமாநிலங்களிலிருந்து மின்சாரம் பெற நேர்ந்தது. இத்தகைய வேறுபாட்டை ஈடுசெய்வதே எரிபொருள் மற்றும் மின் கொள்முதல் செலவுச் சரிக்கட்டல். 2022 டிசம்பரில் திருத்தப்பட்ட மத்திய விதிகள் இதை மாதந்தோறும் கணக்கிட வகை செய்தன. எனவே, ஒரே அளவு மின்சாரம் செலவிட்டாலும் சீட்டின் தொகை மாதத்திற்கு மாதம் மாறக்கூடும்.

2025 ஏப்ரல் முதல் மின்துறை ஊழியர்களின் ஓய்வூதியம், பணிக்கொடை ஆகியவற்றுக்காக யூனிட்டுக்கு 36 காசு கூடுதல் கட்டணமும் சேர்ந்தது. இவ்விரண்டும் வரிகள் அல்ல. அரசுக் கருவூலத்திற்குச் செல்வனவும் அல்ல.

வரி

சீட்டில் உண்மையான வரி ஒன்றே. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை, மாநிலப் பட்டியலின் 53ஆம் இனம், மின்சார நுகர்வு அல்லது விற்பனையின் மீது வரி விதிக்கும் உரிமையை மாநிலங்களுக்கு அளித்துள்ளது. அதன்படி இயற்றப்பட்டது 1959ஆம் ஆண்டின் கர்நாடக மின்சார வரிச் சட்டம். 2018இல் இவ்வரி 6 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 2017இல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி மின்சார நுகர்வின் மீது விதிக்கப்படுவதில்லை. விலை ஏறும்போது, விகிதம் மாறாமலே வரித்தொகையும் ஏறும் என்பது கவனிக்கத்தக்கது.

2 கிலோவாட் பளுவுடன் 150 யூனிட் செலவிடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 2025-26ஆம் ஆண்டு விகிதப்படி ஆற்றல் கட்டணம் 870 ரூபாய். நிலைக் கட்டணம் 290 ரூபாய். ஓய்வூதியக் கூடுதல் கட்டணம் 54 ரூபாய். ஆற்றல் கட்டணத்திற்கு உரிய வரி 78 ரூபாய் 30 காசு. சரிக்கட்டல் தொகை நீங்கலாக மொத்தம் ஏறத்தாழ 1,300 ரூபாய். இதில் மூன்றில் இரு பங்கே பயன்படுத்திய மின்சாரத்தின் விலை.

பூஜ்யச் சீட்டின் பொருள்

2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கிருஹ ஜோதித் திட்டத்தினால் பல வீடுகளுக்குப் பூஜ்யத் தொகைச் சீட்டு வருகிறது. 2022-23ஆம் ஆண்டின் சராசரி நுகர்வுடன் 10 விழுக்காடு சேர்த்துத் தகுதி அளவு கணக்கிடப்பட்டது. அந்த அளவைத் தாண்டி 200 யூனிட்டுக்குள் செலவிடுவோர் மிகுதிக்கு மட்டும் கட்டணம் செலுத்துவர். 200 யூனிட்டைத் தாண்டினாலோ முழுத் தொகையையும் செலுத்த வேண்டும். தமிழ்நாட்டில் 2016 முதல் இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம்; மிகுதியாகச் செலவிட்டாலும் அந்தச் சலுகை நீங்குவதில்லை. மைசூருவிலோ 201ஆம் யூனிட் மாதச் சலுகை முழுவதையும் நீக்கிவிடுகிறது.

இலவசம் என்பதற்குச் செலவே இல்லை என்று பொருளன்று. மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி, மாநில அரசு மானியத் தொகையை விநியோகக் கழகத்திற்கு முன்கூட்டியே செலுத்துதல் வேண்டும். நிலைக் கட்டணம் உயர்ந்தால், பூஜ்யச் சீட்டு பெறும் குடும்பம் அதை உணர்வதில்லை. ஆனால் அரசின் மானியச் செலவு உயர்கிறது. அதை வரி செலுத்துவோர் அனைவரும் ஏற்கின்றனர்.

குறைதீர் வழிகள்

அளவீட்டிலோ கணக்கிலோ பிழை இருப்பின் முதலில் விநியோகக் கழகத்தின் உட்கோட்ட அலுவலகத்தையும், பின்னர் நுகர்வோர் குறைதீர் மன்றத்தையும், அதன்பின் மின்சாரக் குறைதீர்ப்பாளரையும் அணுகலாம். கட்டண விகிதம் பற்றிய கருத்தைக் கூறும் இடம் ஆணையத்தின் பொது விசாரணை. வரி விகிதமும் மானியமும் சட்டமன்றத்தின் பொறுப்பு. உரிய கேள்வியை உரிய இடத்தில் எழுப்பினாலன்றி விடை கிடைப்பதரிது. பூஜ்யச் சீட்டானாலும் அதன் ஒவ்வொரு வரியையும் படிப்பது குடும்பத்திற்கும் நாட்டிற்கும் பயன் தருவதாகும்.