நூறு வருஷ வெள்ளம் எப்போ வரும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்தது. எங்கள் வீட்டுச் சுவரிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. அதைப் பார்த்து அம்மா ஒருநாள் கேட்டாங்க: "நூறு வருசத்துக்கு ஒருதபாதான் இப்டி வரும்னு பேசிக்கிறாங்களே, அப்ப இனிமே என் ஆயுசுக்கும் வராதாடா?"

எங்க குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதிலும் சிவில். ஆனாலும் அன்னிக்குப் பதில் தெரியாமல் முழித்தேன். ஹைட்ராலஜி பாடத்தில் 'ரிட்டர்ன் பீரியட்' வந்த பிறகுதான் விளங்கியது.

நூறு வருஷ வெள்ளம் என்றால், ஒவ்வொரு வருஷமும் அந்த அளவோ அதற்கு மேலோ வெள்ளம் வர 100க்கு 1 வாய்ப்பு. அவ்வளவுதான்! நம்ம தெருவில் குலுக்கல் சீட்டு நடக்குமே, அதில் ஒரு தடவை சீட்டு விழுந்தவர் பெயரை மறுபடி குலுக்க மாட்டார்கள். வெள்ளம் அப்படி இல்லை. எடுத்த சீட்டு மறுபடியும் டப்பாவுக்குள்ளேயே போகிறது. போன வருஷம் விழுந்தது இந்த வருஷமும் விழலாம்.

ஒரு வருஷம் வராமல் இருக்க வாய்ப்பு 0.99. முப்பது வருஷமும் வராமல் இருக்க 0.99ஐ முப்பது முறை பெருக்கணும்; 0.74 கிடைக்கும். அதாவது முப்பது வருஷத்தில் ஒரு தடவையாவது வர வாய்ப்பு 26 சதவீதம். நாலில் ஒரு பங்கு!

சரி, எது நூறு வருஷ வெள்ளம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு வருஷத்தின் உச்ச அளவையும் பெரிதிலிருந்து சிறிதாக வரிசைப்படுத்தணும். வருஷ எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, வரிசை எண்ணால் வகுக்கணும். 40 வருஷக் கணக்கு இருந்தால் முதல் இடத்துக்கு 41 வருஷம், இரண்டாவதுக்கு 20.5 வருஷம். அதற்கு மேல் போகணும்னா கம்பெல் முறையில் கோட்டை நீட்டணும். கணக்கு குறைவாக இருந்தால், நீட்டும் கோடும் ஊசலாடும்.

இங்கேதான் சிக்கல். நம்ம பக்கத்துச் சின்னக் கால்வாய்களில் நீரளவை யார் நாற்பது வருஷம் எழுதி வைத்தார்கள்? அதனால் மழைக் கணக்கிலிருந்து வெள்ளத்தை மதிப்பிடுகிறோம். ரேஷனல் ஃபார்முலா ஞாபகம் இருக்கா? எடுத்துக்காட்டாக 200 ஹெக்டேர் நிலம், மணிக்கு 50 மி.மீ. மழை. திறந்த மண்ணாக இருந்து C 0.3 என்றால் வினாடிக்கு 8.3 கன மீட்டர் ஓடும். அதே நிலம் கான்கிரீட்டாகி C 0.8 ஆனால் 22.2 கன மீட்டர்! மழை அதேதான், வெள்ளம் மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல்.

நுங்கம்பாக்கத்தில் 1976 நவம்பரில் ஒரே நாளில் சுமார் 45 செ.மீ. மழை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழை சுமார் 29 செ.மீ.தான். ஆனாலும் 2015இல் சென்னையே மிதந்தது. நவம்பர் மழையில் ஏரிகள் முன்னமே நிரம்பியிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

எண்ணூருக்கு இன்னொன்றும் உண்டு. கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் புழல் ஏரியின் உபரி நீரும் இங்கே வந்துதான் கடலைத் தேடணும். முகத்துவாரத்தில் மண் மேடிட்டு, கழிமுகத்தில் சாம்பல் படிந்து, கடலும் ஏற்றத்தில் இருந்தால் சாதாரண மழைக்கே தண்ணீர் ஏறும். ஆக, மழை எவ்வளவு அபூர்வம் என்பது வேறு. வெள்ளம் எவ்வளவு அபூர்வம் என்பது வேறு. நேற்றைய நூறு வருஷ வெள்ளம் இன்றைக்கு இருபது வருஷ வெள்ளமாகியிருக்கலாம்.

அம்மாவிடம் சொன்னேன்: "நூறு வருஷ வெள்ளம்னே வெச்சுக்கிட்டாலும் மறுபடி வரலாம்மா. கால்வாய் தூர்ந்து போனா சீக்கிரமாவே வரும்." அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "அப்ப வாசப்படிய ரெண்டு அடி ஏத்திக் கட்டிடலாம்" என்றாங்க. ஃபார்முலா எதுவும் இல்லாமல் டிசைன் முடிந்தது!

நண்பர்களே, உங்கள் தெருவில் தண்ணீர் ஏறினால் சுவரில் கோடு போட்டுத் தேதியை எழுதுங்கள். நோட்டிலும் குறித்து வையுங்கள். அந்தக் கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நான் 2023 என்று பெயிண்டில் எழுதிவிட்டேன். எங்கள் கால்வாயின் கணக்கில் அதுதான் முதல் வரி.