உரிமை இருக்கு... பில் யார் கட்டுறது?

காலேஜ் ஃபீஸுக்கு வெச்ச பணத்தை ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுப்பீங்களா ஃப்ரெண்ட்ஸ்?

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ரோஸி ஹிமெனெஸுக்கு அந்த நிலைமை. வயசு 27. ஒரு மகளுக்கு அம்மா, டீச்சராகப் படிச்சிட்டிருந்தவர். கருக்கலைப்பு அங்கே 1973 முதல் நாடு முழுக்க சட்டபூர்வம். ஏழைகளுக்கான அரசு இன்ஷூரன்ஸ் 'மெடிக்கெய்ட்' அந்தச் செலவையும் ஏற்றது. 1977 ஆகஸ்ட்டில் 'ஹைட் திருத்தம்' அமலுக்கு வர, மத்திய அரசுப் பணம் நின்றது. மலிவாகச் செய்யும் லைசென்ஸ் இல்லாத மருத்துவச்சியிடம் போனார் ரோஸி. நோய்த்தொற்று... அக்டோபரில் மரணம். அவர் பர்ஸில் ஸ்காலர்ஷிப் செக் அப்படியே இருந்தது!

1980-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 5-4 என அந்தத் திருத்தம் செல்லும் என்றது. 2022-ல் தேசிய உரிமையே போய், முடிவு மாநிலங்கள் கைக்கு வந்தது. உயிராபத்து, பலாத்காரம் போன்ற விதிவிலக்குகள் தவிர மத்தியப் பணம் இன்றும் கிடையாது. சில மாநிலங்கள் மட்டும் சொந்தக் காசைக் கொடுக்குது.

'உரிமை உண்டு'னு யாராவது சொன்னா, 'ஏழைக்கும் எட்டுமா?'னு கேளுங்க!