ஜேசானில் 007 ஏன் செல்லாது?

கணினி மொழியின் இலக்கணத்தைத் தண்டவாளம் போல வரைந்து காட்டலாம். யென்சனும் விர்த்தும் எழுதி 1974-இல் வெளிவந்த பாஸ்கல் நிரல்மொழிக் கையேட்டில் இத்தகைய படங்கள் உண்டு. ரயிலைப் போலக் கோட்டின் வழியே முன்னேற வேண்டும். பிரியும் இடத்தில் எந்தத் தடத்திலும் போகலாம், பின்னோக்கி வர முடியாது.

தரவுகளை எழுதும் வடிவமான ஜேசானுக்கும் (JSON) இத்தகைய படங்கள் உண்டு. அதில் எண்ணுக்கான படத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் கழித்தல் குறி ஒரு பக்கத் தடத்தில் இருக்கிறது. வேண்டாமென்றால் நேராகப் போகலாம். அங்கே கூட்டல் குறிக்குத் தடமே இல்லை, ஆகவே +5 செல்லாது. அடுத்து இரண்டு வழி: 0, அல்லது 1 முதல் 9 வரை ஓர் இலக்கம். இரண்டாம் வழியில் மட்டுமே மேலும் இலக்கங்களைச் சேர்க்கும் வளையம் உண்டு. 0-வைத் தாண்டினால் இன்னோர் இலக்கத்துக்கு நேரடிப் பாதை கிடையாது. 007 அங்கேயே நின்றுவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது பட்டியலுக்கான படம். காற்புள்ளியைத் திரும்பி வரும் வளையத்தின் மேல் வைத்திருக்கிறார்கள். அதைக் கடந்தவர் மறுபடி ஒரு மதிப்பைக் கடந்தே ஆக வேண்டும். [1,2,] ஏன் தவறு என்பதற்குத் தனி விளக்கமே தேவையில்லை.

இத்தகைய படத்தை வரையும்போது மூலைகளை வளைத்து வரையுங்கள். எந்தப் பக்கம் திரும்பலாம் என்பதை அந்த வளைவே சொல்லிவிடும்.