ஊத்தையா, கல்லா?

வீட்டு வேலைக்கு வருபவரைப் பற்றிய முறைப்பாடு இல்லாத வீடு நமது ஊரில் அரிது. கலியாணப் பந்தலிலோ, கோயில் வீதியிலோ, சந்தை வாயிலிலோ இரு இல்லத்தரசிகள் சந்தித்தால், பிள்ளைகளின் பரீட்சை முடிவுக்கு அடுத்தபடியாக அவர்கள் பேசுவது இதைத்தான். மூலைகளில் தும்புத்தடி படுவதில்லை. பாயைத் தூக்காமல் அதைச் சுற்றிக் கூட்டுகின்றாள். துடைத்த துணியை அலசாமலே அடுத்த அறையையும் துடைக்கின்றாள். அலுமாரிக்கு மேல் இருக்கும் தூசு போன சித்திரையில் இருந்த அதே தூசு. ஆடவராகிய நாமோ பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு, இஃது உள்வீட்டு அலுவல் என்று இருந்துவிடுகின்றோம். நானும் அவ்வாறு இருந்தவனே. அப்படி இருந்ததனால் நேர்ந்த ஒன்றைச் சொல்லவே இதனை எழுதுகின்றேன்.

எங்கள் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் ஒரு பெண் வருகின்றார். ‘அவள்’ என்று எழுதவே கை முந்துகின்றது, பழக்கம் அப்படி. நாற்பது வயதுக்கு உட்பட்டவர். துவிச்சக்கரவண்டியில் வருவார். 2023 ஆம் ஆண்டு தை மாதத்தில் நாளொன்றுக்கு 1,500 ரூபா என்று பேசிக்கொண்டோம். பேசியது அவ்வளவே. எந்தெந்த அறை, எத்தனை மணிநேரம், எதை எதனால் கழுவுவது என்று ஒன்றும் பேசவில்லை. “வீட்டைத் துப்புரவாய் வைச்சிருக்கவேணும்” என்றாள் என் மனைவி. “ஓமம்மா” என்றார் அவர். ஒரே வாக்கியத்தை இருவர் இரு பொருளில் விளங்கிக்கொள்வதை வகுப்பறையில் நாள்தோறும் காண்கின்ற எனக்கு, என் வீட்டு விறாந்தையிலும் அது நிகழும் என்று தோன்றவில்லை.

முதல் இரண்டு மாதங்கள் குறையில்லை. பின்னர் வேலை மெல்ல மெல்லத் தேய்ந்தது. மூன்று மணிநேரத்து வேலை இரண்டு மணிநேரத்தில் முடிந்தது. விறாந்தையின் நடு மினுங்கும். ஓரங்களில் மணல் கிடக்கும். குசினியில் அடுப்புக்குப் பின்புறம் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்கும். என் மனைவி அதனைச் சொன்னாளா என்றால், இல்லை. சொன்னால் நின்றுவிடுவாரோ என்ற அச்சம் ஒருபுறம். முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூச்சம் மறுபுறம். அவர் படலையைக் கடந்து போனபின் தானே தும்புத்தடியை எடுத்து மறுபடி கூட்டுவாள். சொல்லாத குறை ஒவ்வொன்றும் மனதில் ஒரு படியாகப் படிந்துகொண்டு வந்தது.

என் தாயார் வேறு பக்கத்திலிருந்து எண்ணெய் வார்ப்பார். “எங்கடை காலத்திலை வீட்டு வேலை எண்டால் வேலை” என்பார். அவர் காலம் எத்தகையது என்பது எனக்குத் தெரியும். முற்றத்துக்கு அப்பால் நிற்கவைத்துச் சிரட்டையில் தேநீர் வார்த்த காலம் அது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது; எனினும் சிரட்டைகள் நம் வளவுகளை விட்டுப்போக அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன. அக்காலத்து வேலையின் திறத்தில் பாதி அச்சத்தினால் வந்தது என்று நான் சொன்னால், அம்மா எழுந்து தம் அறைக்குப் போய்விடுவார்.

இனி விடயத்துக்கு வருகின்றேன். எங்கள் குளியலறைச் சுவரில் நீலநிற ரைல்ஸ் பதித்திருக்கின்றோம். தண்ணீர் படுகின்ற உயரம் வரையில் அதில் வெண்மையான ஒரு படலம். குழாயின் வாயிலும் வாளியின் விளிம்பிலும் அதே வெண்மை. அந்த ஆண்டு ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கொழும்பிலிருந்து உறவினர் வரவிருந்தனர். என் மனைவி அந்தச் சுவரைக் காட்டி, பல மாதங்களாகச் சேர்த்து வைத்தவற்றையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

“எவ்வளவு உரஞ்சினாலும் போகுதில்லையம்மா” என்றார் அவர்.

“உரஞ்சினால் போகாத ஊத்தையும் உண்டே? சனிக்கிழமை இந்தச் சுவர் பளிச்செண்டு இருக்கவேணும். இல்லையெண்டால் நான் வேறை ஆள் பாக்கிறன்.”

நான் விறாந்தைக் கதிரையில் பத்திரிகையோடு இருந்தேன். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. எழுந்து போகவில்லை.

சனிக்கிழமை காலை அவர் வழக்கத்தினும் முந்தி வந்தார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கால் மணிநேரத்தின்பின் இருமற் சத்தம் கேட்டது. அது நிற்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவர் கிணற்றடிவரை போய் அங்கேயே இருந்துவிட்டார். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது; மூச்சை இழுக்க இயலவில்லை. குளியலறை வாயிலில் நான் நின்ற ஒரு கணத்தில் என் தொண்டையும் எரிந்தது. முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆசுப்பத்திரிக்குக் கொண்டோடினோம். ஒட்சிசன் கொடுத்து ஓரிரவு மறித்து வைத்தார்கள். மறுநாள் மாலை வீடு திரும்பினார். எனினும் இரண்டு கிழமை வரையில் இருமல் இருந்தது.

அவர் செய்தது இது. கிணற்றுக்கு இடுவதற்காக நாங்கள் வைத்திருந்த வெளிற்றும் தூளைக் குழைத்துச் சுவரில் பூசியிருக்கின்றார். அது பலிக்கவில்லை என்று கண்டு, மலசலகூடம் கழுவுகின்ற அமிலப் போத்தலைத் திறந்து அதன்மேல் ஊற்றியிருக்கின்றார். எங்கள் கல்லூரியில் இரசாயனவியல் கற்பிக்கும் நண்பரிடம் இதனைச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. வெளிற்றும் தூளும் ஐதரோக்குளோரிக் அமிலமும் சேர்ந்தால் குளோரீன் வாயு பிறக்கும். வளியைக் காட்டிலும் அஃது ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரமானது. ஆதலின் சாத்திய சிற்றறையில் மேலெழுந்து போகாமல் தரையோடு தங்கும். 1915 ஆம் ஆண்டு சித்திரை 22 ஆம் திகதி பெல்ஜியத்தில் ஈப்பர் போர்முனையில் ஜெர்மானியப் படை திறந்துவிட்டது இவ்வாயுவையே. போர்க்களத்து நஞ்சினை எங்கள் குளியலறையில் ஒரு பெண் தம்மையறியாமலே செய்திருக்கின்றார். அதுவும் எங்கள் ஏச்சுக்கு அஞ்சி. இவ்விரண்டு பொருள்களும் பெரும்பாலான வீடுகளில் ஒரே தட்டில் அருகருகே இருக்கின்றன. இதனை வாசிக்கும் மாணவர்கள் இன்றே போய் அவற்றைப் பிரித்து வைப்பார்களாக.

நண்பர் அத்தோடு விடவில்லை. “சுவரில் இருந்தது ஊத்தை அல்ல” என்றார். நமது குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தது. வற்றாத ஆறு என்று ஒன்று நமக்கில்லை. மழைநீர் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி நிலத்தடியில் தேங்குகின்றது. இறங்கும்போது காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. நிலாவரைக் கிணறு போன்ற ஆழ்குழிகள் அவ்வாறு கரைந்து உண்டானவையே. அந்த நீரை நாம் அள்ளிச் சுவரில் ஊற்றுகின்றோம். நீர் உலர்ந்துபோக, கல் மறுபடி கல்லாகிச் சுவரில் படிகின்றது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதுவே. கல்சியம் காபனேற்று என்பது அதன் பெயர். சவர்க்காரத் தூள் கொண்டு நாள் முழுவதும் உரஞ்சினாலும் அஃது அசையாது. வினாகிரியிலோ தேசிக்காய்ப் புளியிலோ துணியை நனைத்து அரை மணிநேரம் ஒட்டிவைத்தால் தானே நெகிழும். பின்னர் நன்றாகக் கழுவிவிட வேண்டும். புளி சீமெந்தையும் அரிக்கும் ஆதலின் நெடுநேரம் விடலாகாது.

“அமிலம் ஊற்றவேண்டும் என்று நினைத்தாரே, அந்த யோசனை பிழையன்று. உங்கள் இருவரிலும் பார்க்க அவர் விடைக்குக் கிட்டப் போயிருக்கின்றார்” என்றார் நண்பர். நானும் என் மனைவியும் பட்டதாரிகள். ஒன்றும் சொல்லாமல் இருந்தேன்.

‘எவ்வளவு உரஞ்சினாலும் போகுதில்லை’ என்று அவர் சொன்னது சாட்டு அன்று. ஆராய்ந்து கண்ட உண்மை. ‘ஏன் போகவில்லை?’ என்று எங்களில் ஒருவரேனும் கேட்டிருந்தால் அந்தச் சனிக்கிழமை வந்திராது. வகுப்பில் ஒரு மாணவன் கணக்கைப் பிழையாகச் செய்தால், எந்த இடத்தில் பிழைத்தான் என்று பார்த்தே திருத்துகின்றோம். வீட்டில் வேலை செய்பவரிடத்திலோ விடை மட்டும் கேட்கின்றோம்.

இதற்கு ஒரு நீண்ட வரலாறும் உண்டு. இலங்கையில் வீட்டுப் பணியாளரைப் பதிவுசெய்யும் கட்டளைச் சட்டம் 1871 ஆம் ஆண்டிலேயே பிறந்தது. பணியாளரின் சேவையையும் நடத்தையையும் எசமானர் குறித்துவைப்பதற்கு ஒரு கைப்புத்தகமும் அதன்படி உண்டு. பணியாளரை அறிந்துகொள்ள அரசு காட்டிய அக்கறை அவ்வளவு. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தினால் எத்தனையோ தொழிலாளர் பயன்பெற்றபோதும் வீட்டு வேலை அதற்குப் புறம்பாகவே விடப்பட்டது. 2011 ஆம் ஆண்டிலே சர்வதேச தொழில் தாபனம் 189 ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. செய்யவேண்டிய வேலை எத்தகையது, ஊதியம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்பனவற்றைப் பணியாளருக்கு விளங்கும் வகையில் தெரிவிக்கவேண்டும் என்று அது கூறுகின்றது. அதை எழுத ஜெனீவாவரை போகவேண்டியிருந்தது. எங்கள் வீட்டிலோ அது ‘ஓமம்மா’ என்ற ஒரு சொல்லில் முடிந்துவிட்டது.

அவர் வராத இரண்டு கிழமைக்கும் உரிய கூலியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வைத்தியச் செலவை ஏற்றதும் தருமம் அன்று, கடன். அவர் திரும்பி வந்த நாளில் வேலை தொடங்குமுன் மூவரும் குசினி மேசையில் இருந்து பேசினோம். அவர் முதலில் இருக்க மறுத்தார். “பரவாயில்லை மாஸ்ரர், நான் நிக்கிறன்” என்றார். “இரும் தங்கச்சி, உமக்கும் எங்களுக்கும் இது வேலைக் கதை” என்ற பின்னரே கதிரையின் நுனியில் இருந்தார். என் மனைவி தான் பேசிய விதம் தவறு என்றாள். ஆனால் குறைகளை மறைக்கவுமில்லை. ஓரங்களில் மணல், அடுப்பின் பின்புறம், அலசாத துணி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவற்றுக்குச் சுண்ணாம்புக்கல் காரணம் அன்று என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். மாசி முடிவிலிருந்து அதே நாட்களில் இன்னொரு வீட்டையும் ஏற்றிருக்கின்றார். பதினொரு மணிக்கு அங்கே நிற்கவேண்டும். ஒரு வீட்டுக் கூலியில் குடும்பம் நடக்குமா என்று அவர் கேட்கவில்லை. நாங்களே கணக்குப் பார்த்துக்கொண்டோம்.

அதன்பின் வேலையைப் பிரித்தோம். செவ்வாயில் அறைகளும் விறாந்தையும். சனியில் குசினியும் குளியலறையும். முழு வீட்டையும் இரு நாளும் மேலோட்டமாகக் கூட்டுவதிலும் பாதி வீட்டை ஒரு நாள் ஒழுங்காகச் செய்வது மேல் என்பது அவருடைய யோசனை. தும்பு உதிர்ந்துபோன பழைய தும்புத்தடியை எறிந்துவிட்டுப் புதியது வாங்கினோம். துணி அலச இரண்டாவது வாளியும் வாங்கினோம். கூலியில் 300 ரூபா கூட்டினோம். குறை கண்டால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே சொல்லுவது என்றும் ஏற்பாடு.

இவ்வளவு செய்தும் ஒருவரின் வேலை திருந்தாதிருக்கலாம். அப்போது நிறுத்துவதில் பாவமில்லை; இல்லாத தயவைக் காட்டி உள்ளுக்குள் குமைவதிலும் அது நேர்மையானது. ஆனால் ஒரு மாதம் முன்னரே சொல்லி, சேர வேண்டிய கூலியைக் கையில் கொடுத்து, காரணத்தையும் கூறி அனுப்பவேண்டும். அடுத்த வீட்டாரிடம் போய் அவர் பெயரைக் கெடுப்பது 1871 ஆம் ஆண்டுக் கைப்புத்தகத்தை வாயினால் எழுதுவதற்கு ஒப்பாகும்.

புளியும் வினாகிரியும் வைத்துச் சுவரைக் கழுவிய முதல் நாள், அவர் என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். நீலம் நீலமாகத் தெரிந்தது. விரலால் சுரண்டியெடுத்த வெள்ளைத் துகளை உள்ளங்கையில் வைத்து, “பாத்தீங்களேயம்மா, கல்லு” என்றார். என் மனைவி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

மின்விசிறியின் இதழ்களில் மட்டும் தூசு இன்னமும் இருக்கின்றது. அவருக்கு எட்டாத உயரம் என்பதால், அது என் வேலை என்று அன்றே மேசையில் முடிவாயிற்று. சென்ற சனிக்கிழமை அவர் போகும்போது விறாந்தை வாயிலில் நின்று, பத்திரிகைக்கு மேலால் என்னைப் பார்த்து, “மாஸ்ரர், ஃபான்” என்றார். அடுத்த கிழமை செய்வதாகச் சொல்லியிருக்கின்றேன்.